என் இடத்தில் அவன் படம்

எங்கள் கிரிக்கெட் கிளப்புக்கு நகராட்சி செய்துவந்தது ஒன்றும் பெரிய தர்மம் இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த பொட்டல் மைதானத்தில் ஆடிக்கொள்ள விட்டது. வாரம் இரண்டு தரம் தண்ணி லாரியை அனுப்பி பிட்ச்சை நனைத்துக் கொடுத்தது. பிட்ச்சின் மேல் விரிக்கிற நார் மேட் வாங்க வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் பணம். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் நாங்களும் ஒரு டீம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம். மாதவரம், வியாசர்பாடி என்று போய் ஆடினோம், தோற்றோம், எப்போதாவது ஜெயித்துவிட்டு பஸ்ஸில் கத்திக்கொண்டும் வந்தோம்.

நாங்கள் என்றால் முக்கியமாக இரண்டு பேர். அவனும் நானும். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், பிறகு ரோட்டின் இந்தப் பக்கம் ஒரு கம்பெனி, அந்தப் பக்கம் ஒரு கம்பெனி. அவன் கேப்டன், நான் செக்ரட்டரி. அவன் முதல் ஓவர் போடுவான், நான் ஸ்லிப்பில் நிற்பேன். கிளப்புக்கு நன்கொடை கேட்பது அவன் வேலை, ரசீது எழுதுவது என் வேலை. எனக்குக் கேட்கத் தெரியாது. இப்போதும் தெரியாது. ஒரு கடைக்காரர் முன்னால் போய் நின்றதுமே, இந்த ஆள் கொடுக்கப் போவதில்லை என்று நானாக முடிவு கட்டி முறைக்க ஆரம்பித்துவிடுவேன். அவன் அப்படியில்லை. கடைக்குள் போய் ஒரு மூட்டை மேல் குந்திக்கொண்டு கிரிக்கெட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவான். அரை மணி நேரம் கழித்துக் கடைக்காரரே, "சரி நைனா, ஒனக்கு இன்னாதான் வோணும்?" என்று கேட்பார்.

"மாமே, நீ வாய மட்டும் தொறந்துடாத. ஒம் மூஞ்சியப் பாத்தா குடுக்க நெனச்சவன்கூட கடைய மூடிடுவான்" என்று என்னிடம் சொல்வான். உண்மைதான். அதனால் நான் வாயைத் திறந்ததே இல்லை.

அவன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். முப்பத்தாறு வயது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பத்து நாள் நான் போய்ப் பார்த்தேன். பதினோராவது நாள் எனக்கு டபுள் ஷிப்ட்.

இதை இப்போது எழுதிவிட்டேன். ஆனால் அவன் போய் மூன்று வருடம் வரைக்கும் 'செத்துப்போனான்' என்ற வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும், சொல்லவேண்டிய தேவை வரவில்லை. தெரியாதவர்களிடம் நான் பேச்சு வைத்துக்கொள்வதும் கிடையாது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவை மாதவரத்தில் கட்டிக்கொடுத்தோம், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள், நான் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். ஆறு நாள் கம்பெனி, மெஸ்ஸில் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் நான்தான் முதலில் போவேன். மேட்டைச் சுருளிலிருந்து விரிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஒரு முனையை மிதித்துக்கொண்டு நிற்க, மற்றவர் உருட்டிக்கொண்டு போகவேண்டும். நான் ஒரு முனையில் இரண்டு செங்கல்லை வைத்துவிட்டு நானே காலால் உதைத்து உதைத்து விரிப்பேன். பையன்கள் ஏழரைக்கு வருவார்கள். எல்லோரும் என்னைவிடப் பத்து, பதினைந்து வயது சின்னவர்கள். நல்ல பிள்ளைகள்தான், மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். "வாங்கண்ணே" என்பார்கள். அந்த 'வாங்கண்ணே'வுக்குப் பிறகு என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அப்படித்தான் மூன்று வருடம் ஓடியது.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மைதானத்தைக் கண்டெய்னர் லாரிகள் நிறுத்துவதற்குக் குத்தகைக்கு விடுவதைப் பற்றி மன்றத்தில் தீர்மானம் வரப்போகிறது, முடிவு தெரியும்வரை மேட் பணமும் தண்ணி லாரியும் நிறுத்தி வைக்கப்படுகின்றன என்று நாலு வரி. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பிரசவத்துக்குப் போகிற ஆட்டோகூட நகர முடியாது. லாரியை ரோட்டிலிருந்து எடுத்து எங்கேயாவது நிறுத்துங்கள் என்று ஜனங்களே மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குத்தகைப் பணமும் வரும். பதினோரு பேர் பந்து பொறுக்குவதற்காக ஒரு கிரவுண்டை யார் விட்டுவைப்பார்கள்?

எனக்கு விட்டுவைக்கவேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் இல்லை என்றால் எனக்குப் போக வேறு இடம் இல்லை. இதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். பையன்கள் வேறு கிரவுண்டு தேடிக்கொள்வார்கள், டிவி பார்ப்பார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள். நான் என்ன செய்வேன்?

எங்கள் வார்டு கவுன்சிலரைப் போய்ப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, காதைக் குடைந்துகொண்டே சொன்னார்.

"எம்மேல கோச்சிக்காதப்பா. மன்றத்துல நான் எந்திரிச்சி நின்னு பேசணும்னா கையில எதுனா ஓணும்ல. ஒரு டோர்னமெண்ட் வுடு. ஜனத்த சேரு. சோக்கா ஒரு பேனர் வெய்யி. நானே வந்து டாஸ் போடறேன். அப்பால மன்றத்துல, பாருங்கய்யா, இத்தினி ஜனம் ஆடுது, எம் பேட்டைல இந்த ஒரு கிரவுண்டு தான் கீதுன்னு பேசறேன்."

ஆக, நகராட்சி கொடுக்கிற கொஞ்சம் உதவியைக் காப்பாற்ற நாங்கள் ஊரெல்லாம் கையேந்தவேண்டும். கப் வேண்டும், பந்து வேண்டும், ஷாமியானா, மைக் செட், எட்டு டீமுக்கு மதியச் சாப்பாடு, கிழிந்துபோன மேட்டுக்குப் பதிலாகப் புது மேட். பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அது பந்துக்கே சரியாகிவிட்டது. மீதிக்கு நான்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பேனரை நம்பித்தான் போனேன். அப்போதுதான் எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர் வந்த புதிது. அதற்கு முன்னால் ஆர்ட்டிஸ்ட் கையால் வரைய வேண்டும், தலைவர்கள் முகம் மட்டும்தான் வரும். ஃப்ளெக்ஸ் வந்ததும் யார் முகமும் வரலாம் என்று ஆகிவிட்டது. நன்கொடை கொடுத்தால் பேனரில் முகம். இது எழுதாத சட்டம். டீக்கடைக்காரர் கொடுத்தார், ஒரு பாஸ்போர்ட் போட்டோவும் கொடுத்தார். சைக்கிள் கடைக்காரர் பணத்தைக் குறைத்துக்கொண்டார், ஆனால் கூலிங் கிளாஸ் போட்ட போட்டோவாகக் கொடுத்தார். ஏழெட்டுக் கடையில் நான் போய் நின்று, பேச வாய் வராமல், முறைத்துவிட்டுத் திரும்பினேன். ஒருவர், "இன்னா சார், எதுனா கம்ப்ளெய்ண்டா?" என்று கேட்டார்.

கடைசியில் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் அரிசி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு டோர்னமெண்டுக்கு அவர்தான் கப் வாங்கிக் கொடுத்தார். அவரைப் பேசி மடக்கியது அவன். அதற்குப் பிறகு கேட்கவேண்டிய அவசியம் வராததால் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாரும் தம்பி. என்ன ஒத்தையில வந்திருக்கீரு? கூட ஒரு வாயாடிப் பய வருவானே, அவன எங்க?"

நான் செய்திருக்கவேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வாயைத் திறந்தேன்.

"ஷிப்ட்டுக்குப் போயிருக்கான் அண்ணாச்சி."

எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்த பிறகு எனக்கு என்னவோ லேசாக இருந்தது. ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கம்பெனிக்குள், மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறான். சாயங்காலம் சங்கு ஊதினால் வந்துவிடுவான். நானும் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். அண்ணாச்சி டீ வரவழைத்தார். அவனைப் பற்றிக் கேட்டார்.

"கல்யாணம் ஆயிட்டா அவனுக்கு?"

"ஆயிடுச்சி அண்ணாச்சி."

"புள்ளைகுட்டி?"

"இன்னும் இல்ல."

"அவன் சிரிச்சுக்கிட்டே நம்ம பைக்குள்ள கைய விட்டுருவாம்லா. நல்ல பய. வெளாட்டு அன்னைக்கு நானே கப்ப எடுத்துக்கிட்டு வாரேன்னு சொல்லும். அவன் கையில குடுக்கணும். போட்டோகீட்டோ எல்லாம் எனக்கு வேண்டாம்."

கப் அவர் செலவு, மதியச் சாப்பாட்டுக்கு அரிசியும் அவர் செலவு என்று ஆயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி வாங்கியிருந்தேன். சைக்கிளில் திரும்பும்போது சந்தோஷமாக இருந்தது. பொய் சொன்ன உறுத்தல் அப்போது இல்லை. அதுதான் பேஜார்.

மறுநாள் அவன் மனைவி என் அறைக்கு வந்தாள். ராயபுரம் பக்கம் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஐஸில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டு, மடித்த நோட்டை நீட்டினாள்.

"ஒனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றேன்.

"ஏண்ணா, அவரு கிளப்பு தான? நான் குடுக்கக் கூடாதா?"

வாங்கிக்கொண்டேன். சட்டத்தை மறக்காமல், "போட்டோ வெச்சிருக்கியா?" என்றேன்.

"எம் மூஞ்சி இன்னாத்துக்கு? அவரு போட்டோவ போடு." தொப்பி போட்டுக்கொண்டு அவன் சிரிக்கிற படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். "கீழ சின்னதா ஒரு வெளக்கு மட்டும் போடச் சொல்லு."

சரி என்று தலையாட்டினேன்.

டோல்கேட்டில் இருந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பேனருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நடுவில் பெரிதாகக் கவுன்சிலர், கும்பிட்டபடி. அவருக்கு வலப்பக்கத்தில், அவரைவிடக் கொஞ்சம் சின்னதாகக் கிளப் செக்ரட்டரி. கீழே வரிசையாகக் கொடுத்தவர்கள். செத்தவர்களுக்குத் தனி இடம். மேலே ஒரு மூலையில், மேகத்துக்குள், கீழே எரிகிற விளக்கோடு வரவேண்டும். செத்தவர் படத்தை உயிரோடு இருப்பவர் பக்கத்தில், அதுவும் ஒரு கட்சிக்காரர் பக்கத்தில் போடக்கூடாது. எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாதா?

"உங்க போட்டோ குடுங்க சார், கவுன்சிலர் பக்கத்துல போடணும்" என்றார் கடைக்காரர்.

"என்னோடது வேணாம்" என்று அவன் படத்தை நீட்டினேன். "அந்த எடத்துல இவனப் போடு. கேப்டன்."

கடைக்காரர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். அது பழைய படம், ஓரம் மஞ்சளாகியிருந்தது. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கீறார்ல?"

"கீறான். போடு."

விளக்கு வேண்டாம் என்றேன். மறைந்த என்று போட வேண்டாம் என்றேன். என் படம் இருக்கவேண்டிய இடத்தில் அவன் தொப்பியோடு சிரித்துக்கொண்டு நின்றான். கடைக்காரர் அதைத் திரையில் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டினார். நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ, "போதுமா சார்?" என்று இரண்டு தரம் கேட்டார்.

பையன்களில் பாதிப் பேர் அவன் போன பிறகு சேர்ந்தவர்கள். பழைய ஆட்கள் பேனரைக் கட்டும்போது பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. எட்டு டீம், அவர்கள் ஆட்கள், வேடிக்கை பார்க்க வந்த பெண்கள், ஐஸ் வண்டி. தண்ணி லாரி வராததால் பிட்ச் புழுதியாகக் கிடந்தது. நாங்களே தொட்டியடியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து நனைத்தோம். கவுன்சிலர் ஒன்பது மணிக்கு நாலைந்து பேரோடு வந்தார். பேனரை நின்று நிதானமாகப் பார்த்தார். தன் முகம் நன்றாக வந்திருப்பதில் அவருக்குத் திருப்தி. "பக்கத்துல யாருப்பா, சினிமாக்காரன் மாரி சிரிக்கிறான்?" என்று கேட்டார்.

"கேப்டன் சார்" என்றேன்.

"எங்க அவன்? கூப்டு, டாஸ் போட்டுடலாம்."

நான் இப்போதைய கேப்டனைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தப் போனேன். அந்தச் சமயம் பார்த்து அண்ணாச்சியின் டி.வி.எஸ். வண்டி உள்ளே வந்தது. பின்னால் செய்தித்தாளில் சுற்றிய கப். இறங்கியதும் அவரும் பேனரைத்தான் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அந்தா நிக்கான் பாரு பய. எங்கவே அவன்? கப்ப அவன் கையிலதான் குடுப்பேன்."

"வருவான் அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி விடவில்லை. பக்கத்தில் நின்ற இப்போதைய கேப்டனிடம் கேட்டார். "தம்பி, அந்தத் தொப்பிக்காரப் பய எப்ப வருவான்? ஷிப்ட்டு முடிஞ்சிட்டா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தான். பாவம், அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"அவரு செத்து மூணு வர்சம் ஆவுதுங்க."

மைக் செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அது எல்லோருக்கும் கேட்டது. கவுன்சிலரோடு வந்த ஆள் ஒருவர் பேனரைப் பார்த்து, அவரைப் பார்த்து, "அய்ய, செத்தவன் பக்கத்துல நம்ம தலைவர நிக்க வெச்சிருக்கானுங்க" என்றார். கவுன்சிலரின் முகம் கறுத்துப்போயிற்று. கையில் வைத்திருந்த ஒரு ரூபாய்க் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வர்ற மாசம் எலெக்சனுக்கு நிக்கலாம்னு கீறேன். என்ன பொணத்துக்குப் பக்கத்துல நிறுத்தி வெச்சிட்ட இல்ல?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. திரும்பி நடந்தார். அவரோடு வந்தவர்களும் போனார்கள்.

அண்ணாச்சி கப்பை மேசை மேல் வைத்தார். சுற்றியிருந்த பேப்பரைப் பிரிக்கவில்லை. "எங்கிட்ட எதுக்குவே பொய் சொன்னீரு? செத்துட்டாம்னு சொல்லியிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். சாப்பிடச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

டோர்னமெண்ட் நடந்தது. யாரோ ஜெயித்தார்கள். மதியத்துக்குள் கவுன்சிலரின் ஆள் வந்து சேதி சொல்லிவிட்டுப் போனார். பேனரை இறக்கவேண்டும், நான் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும். இல்லையென்றால் வியாழக்கிழமை மன்றத்தில் அவர் வாயைத் திறக்கமாட்டார். அவர் திறக்காவிட்டால் குத்தகைத் தீர்மானம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பையன்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். இப்போதைய கேப்டன்தான் பேசினான்.

"அண்ணே, போயி ஒரு சாரி சொல்லிடுண்ணே. நாங்களும் வரோம்."

"நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று அவன் மேல் பாய்ந்தேன். "பதினெட்டு வர்சம் இந்த கிரவுண்டுல ஓடுனவன் அவன். அவனுக்கு ஒரு எடம் கெடையாதா?"

ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். மேட்டைச் சுருட்ட யாரும் நிற்கவில்லை. அதை நானே உருட்டி மூலையில் தள்ளிவிட்டு, பேனரை இறக்காமலேயே போனேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து, அவள் வீடு திரும்பும் நேரம் வரை காத்திருந்து, இருட்டியபிறகு அவன் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு விஷயம் ஏற்கனவே போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"வெளக்கு போடச் சொன்னேனே ணா" என்றாள்.

"ஆமா."

"ஏன் போடல?"

சுவரில் அவன் படம் இருந்தது. அதற்கு முன்னால் விளக்கும் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு பேசினாள். அழவில்லை. குரலில் கோபம்தான் இருந்தது.

"நான் டெய்லி அதுக்கு வெளக்கு ஏத்திட்டு தான் வேலைக்கே போறேன். அவரு இல்லன்னு எனக்குத் தெரியும். நீ இன்னாடான்னா அவர ஷிப்ட்டுக்கு அனுப்பிகினு கீற. அவரு செத்த அன்னிக்கும் நீ வர்ல. காரியத்துக்கு வந்து வெளியவே நின்னுட்டுப் போய்ட்ட. எங்கிட்ட இத்தினி வர்சத்துல அவரப் பத்தி ஒரு வார்த்த பேசிருக்கியா? நான் யார்கிட்ட பேசறது?"

என் தனிமை எனக்கு மட்டும் சொந்தமானது என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தெரு தள்ளி இன்னொருத்தி அதே மனுஷனை நினைத்துக்கொண்டு ஒற்றையில் சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

"போயி சொல்லு" என்றாள். "அவரு செத்துட்டாருன்னு ஒரு தபா வாயத் தொறந்து சொல்லு. அந்த கிரவுண்டாவது மிஞ்சட்டும்."

அன்றே பேனரை அவிழ்த்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் லீவு சொல்லிவிட்டுக் கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று பத்து இருபது பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்ததும் உள்ளே போனேன். அவர் நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பேப்பரைப் படித்தார்.

"பேனர அவுத்துட்டேன் சார். தப்பு தான்" என்றேன்.

"தெரிஞ்சி தான பண்ண?"

"தெரிஞ்சி தான் பண்ணேன்."

அப்போது பேப்பரைக் கீழே வைத்தார். "யாருய்யா அவன் ஒனக்கு?"

"என் தோஸ்து சார். செத்துட்டான்."

சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்த முடியவில்லை. மஞ்சள் காமாலை என்று எல்லோரும் சொல்லியும் அவன் நாட்டு மருந்து தின்றுகொண்டு கிடந்தது, கண் எலுமிச்சை நிறத்துக்குப் போனது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்னாயிற்று என்று கேட்டது, தோற்றதை ஜெயித்ததாக நான் சொன்னது, கடைசி நாள் சூப்பர்வைசர் டபுள் ஷிப்ட் கேட்டபோது மாட்டேன் என்று சொல்லாமல் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் பென்ஷனுக்கு வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கத் தெரியாதவன், பேசத் தெரியாதவன், யாரோ ஒரு மனிதர் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு மூக்கைச் சட்டையில் துடைத்தபடி பேசிக்கொண்டே இருந்தேன்.

அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "சரிப்பா. குடி. நான் பேசறேன். போ" என்றார்.

வியாழக்கிழமை மன்றம் கூடியது. மூன்று மணிக்கு இப்போதைய கேப்டன் கம்பெனி கேட்டுக்குப் போன் செய்து சொன்னான். குத்தகைத் தீர்மானத்தை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். மேட் பணம் இனிமேல் கிடையாது. ஆனால் தண்ணி லாரி உண்டு, கிரவுண்டு நம்முடையதுதான். போனில் அவனுக்குப் பின்னால் பையன்கள் கத்துகிற சத்தம் கேட்டது. "வாண்ணே, டீக்கடைல தான் கீறோம்" என்றான். வருகிறேன் என்று சொன்னேன்.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன். டீக்கடைக்குத்தான் போயிருக்கவேண்டும். கால் வேறு பக்கம் நடந்தது. மனசுக்குள் பேச்சை அடுக்கிக்கொண்டே வேகமாக நடந்தேன். மாமே, கிரவுண்டு கீது. நான் தான் போய்ப் பேசினேன். நானே பேசினேன்டா, நம்புவியா. இரண்டு தெருவையும் தாண்டி அவன் வீட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன்.

பூட்டு தொங்கியது. அந்த நேரத்தில் அவள் இறால் கம்பெனியில் இருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அவளைத் தேடி வரவில்லை.